காலியான நாற்காலி

நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் சேதி சொல்லிவிட்டுப் போனான். மாமியார் எஃபேமியா சோளரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை.

"நல்லதாப் போச்சு. வென்செஸ்லாவுக்கு எடம் கெடச்சிருச்சு" என்றாள்.

இடம் கிடைத்தது அவள் இளைய மகன் வென்செஸ்லாவுக்கு அல்ல, மூத்த மருமகள் தோமித்திலாவுக்கு. சினாந்தேகா வட்டாரத்துக் கரும்புக்காடு ஆண்களின் சிறுநீரகத்தைத் தின்பது ஊரறிந்த சங்கதி. பெண்களையும் தின்னும் என்பதை ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தோமித்திலா பன்னிரண்டு வருஷம் கரும்புக் கரணை நட்டவள். புருஷனும் இதே நோயில்தான் போனான்; கொழுந்தனுக்கும் இப்போது அதே நோய். ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின்கள் ஆஸ்பத்திரியில் எட்டு இருந்தன. ஒருவர் செத்தால் ஒரு நாற்காலி காலியாகும்.

"அத்தை, எம்பேருதான் வந்திருக்கு."

"வரட்டும். அவனுக்கு மூணு புள்ளைங்க. புருஷன் போனவ, நீ மெஷின்ல உக்காந்து என்னத்த வாழப்போற?"

"கொழுந்தனாருக்கு இன்னும் ஆறு மாசம் தாங்கும்னாரு டாக்டரு. எனக்கு ஒரு வாரங்கூடத் தாங்காதாம்."

"குடும்பத்தப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும்?"

வென்செஸ்லாவ் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் தோமித்திலா வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். அடுப்புப் பற்றவில்லை என்று தெரிந்தபிறகுதான் வீட்டில் அவளைத் தேடினார்கள்.

பத்து மணிக்கு எஃபேமியா மகனோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். கையில் கோவில் கணக்குப்பிள்ளை எழுதித் தந்த காகிதம்: நாற்காலியைக் கொழுந்தனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தோமித்திலாவின் ரத்தம் குழாய் வழியே வெளியே போய், சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடு."

"வலது கையில ஊசி இருக்கு அத்தை. அசைக்கக் கூடாதாம்."

"எம்புட்டு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வியாழக்கெழம. அப்புறம் சனிக்கெழம. உசுரு இருக்கறவரைக்கும் இப்படித்தானாம்."

எஃபேமியா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் மெஷினைப் பார்த்தாள்.

வென்செஸ்லாவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "வலிக்குதா அண்ணி?"

"குத்தறப்ப மட்டுந்தான்."

எஃபேமியா காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகினாள். "வாரத்துல மூணு நாளு இங்கயே கெடந்தா, வீட்டுல யாருடீ சமைக்கறது?"

"கொழுந்தனாரு தெம்பாத்தானே இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தோமித்திலா கண்ணை மூடிக்கொண்டாள்.