தலைவரின் கணவர்

"இன்னா தைரியம் இருந்தா இப்பிடிப் போட்டிருப்ப?" அரசப்பன் செல்போனை மகளின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

திலகவதி இட்லியிலிருந்து கையை எடுக்கவில்லை. "வீடியோவுக்குக் கீழ யாரு பேசுறாங்கன்னு போடணும் நைனா. போட்டேன்."

போட்டிருந்தது ஒரே வரி: 'அரசப்பன், ஊராட்சித் தலைவரின் கணவர்.'

திலகவதி சென்னையில் பல்கலைக்கழகத்தில் இணைய இதழியல் படிக்கிறாள். தினமும் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறிப் போய்வருகிறாள். சொந்த ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் துறையின் இணையதளத்தில் வீடியோவோடு எழுத வேண்டும். பேசுகிறவரின் பொறுப்பைத் தப்பாகப் போட்டால் பாதி மதிப்பெண் போச்சு. எளாவூர் சோதனைச்சாவடிக்கு டிமிக்கி கொடுத்து ஊருக்குள் புகுந்து ஓடும் லாரிகளைப் பற்றி எழுதினாள். ஊராட்சித் தலைவரின் கருத்து வேண்டும். தலைவரோ வீட்டிலேயே மோர் கலக்கிக்கொண்டிருந்தார். தலைவர் பூவம்மாள், அவளுடைய அம்மா. பன்னிரண்டு நிமிடம் பேசியது மட்டும் அப்பா, அதுவும் "நான் தலைவரா வந்ததுலேந்து" என்று.

மூன்று வருடமாக இதே கூத்துதான். பெண்களுக்கென்று ஒதுக்கிய பதவியில் பூவம்மாளுக்குக் கிடைத்தது ஜெயித்த அன்று ஒரு மாலை, அப்புறம் வீடு தேடி வரும் காகிதங்களில் கையெழுத்து. ஊரில் ஒருவருக்கும் அது கூசவில்லை.

"சோழவரத்து மச்சான் போன் போட்டுச் சிரிக்கிறான். தலைவர்னு மாத்து."

"நானா மாத்த முடியாது நைனா. தப்பு இருக்குன்னு தலைவர் சொன்னாத்தான் திருத்தம் போடலாம். அஞ்சு மணிக்குள்ள சொல்லணும், அப்பறம் மார்க் போட்டுடுவாங்க."

அரசப்பனுக்கு அப்பாடா என்றிருந்தது. "பூவு, இங்க வா. ஒம்பொண்ணு தப்பா போட்டுகீறான்னு சொல்லு."

பூவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள், வீடியோவை முழுசாகப் பார்த்தாள். திலகவதி இட்லித் தட்டைத் தள்ளிவைத்தாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டே பழகிய அம்மா இதற்கும் தலையாட்டிவிட்டால் என்ன செய்வது?

"சரியாத்தான போட்டுகீறா. நீங்க எனுக்குப் புருசன்தான?" என்றாள் பூவம்மாள். "ஆனா ஒரு தப்பு கீது. ஸ்கூல் உடுற நேரத்துல லாரி வர்றதில்லன்னு சொல்லிகீறீங்க. அப்பதான் வரிசயா வர்து. பசங்க வாய்க்கால்ல எறங்கி நிக்குதுங்க. நீங்க என்னிக்கு அந்தப் பக்கம் போயிருக்கீங்க?"

அரசப்பன் போனை வாங்கி அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"தலைவரே சொன்னாத்தான்மா திருத்தம்," என்றாள் திலகவதி.

"சொல்றேன். எடு."

கேள்வி கேட்க ஒருத்தி வேண்டும், படம் பிடிக்க ஒருவர் வேண்டும். திலகவதி தன் செல்போனை அப்பாவின் கையில் திணித்தாள். "ஆடாம புடிங்க நைனா."

பூவம்மாள் நிதானமாகப் பேசினாள். லாரி ஏறி வாய்க்காலில் எந்த மதகு உடைந்தது, எந்த முனையில் குறுக்குக் கம்பி வைத்தால் லாரி நுழையாது என்று சொன்னாள். "நாளைக்குக் கூட்டத்துல தீர்மானம் போடப்போறேன். நானே போய் ஒக்காந்து போடப்போறேன்." அரசப்பன் இடையில் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க, பதிவாயிடும்," என்றாள் மனைவி.

நாலரைக்கு வீடியோ ஏறியது. அரசப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் தேடினார். "என் பேரு எங்க?"

"கடைசில இருக்கு பாருங்க நைனா."

'ஒளிப்பதிவு: அரசப்பன்.'

அரசப்பன் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு தானே சோழவரத்துக்குப் போன் போட்டார். "மச்சான், பாத்தியா? நான் புடிச்சது. கொஞ்சங்கூட ஆடல." மூன்று வருடத்தில் அந்த மனிதர் தன் சொந்தப் பெயரில் செய்த முதல் ஊராட்சி வேலை அதுதான்.