சிவப்புக் கட்டம்

ஆயிரத்து அறுபத்திரண்டு நாட்கள் அந்த அம்மாவின் வலது கை மகளின் வலது கைமேல் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், எண்ணெய் தடவிப் பார்த்தார். "வலி இல்லேல்ல? அப்ப விடுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டில் இருவரின் சட்டைக் கைகளையும் பிரித்துக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டார்கள். தூங்கும்போது அம்மா எந்தப் பக்கம் படுப்பது என்ற பேச்சே எழவில்லை.

பள்ளிக்கு மெஷின் டீச்சர் வந்த அன்று கை ஒட்டியது. மகளுக்கு அப்போது ஆறு வயது, பேச்சு வரவில்லை. சிறப்புப் பள்ளியில் பதினோரு பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியை என்பதால், ஆளுக்கொரு செயற்கை நுண்ணறிவுப் பலகை கொடுத்தார்கள்; அதுதான் மெஷின் டீச்சர். விடையைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொடுகிற கையைப் பார்த்து அது பாடத்தை மாற்றிக்கொள்ளும். மூலையில் 'போதும்' என்று ஒரு சிவப்புக் கட்டம். அதைத் தொட்டால் பாடம் நின்றுவிடும். "விரல் நடுங்குது, அதான் பிடிச்சேன்" என்று அம்மா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முதல் மாதம் எண்கள், பிறகு பெருக்கல், மூன்றாம் வருடம் பின்னமும் வட்டத்தின் பரப்பும். சரியாகத் தொட்டபோதெல்லாம் பலகை 'சபாஷ்' என்றது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அம்மாவின் வாழ்க்கையில் அதுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "நம்ம ரெண்டு பக்கமும் கணக்குன்னா காத தூரம் ஓடுவாங்க. இது யாரைக் கொண்டு பொறந்துச்சு?" என்று அப்பா தெருவெல்லாம் பூரித்தார். பாட நேரம் முழுக்க மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியைக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தப் பிள்ளையால்தான் பள்ளியின் பெயர் வெளியே தெரிந்தது. அதனால் ஆசிரியை சந்தேகத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

கடைசியில், இவளுக்கு இனி சிறப்புப் பள்ளி தேவையில்லை என்று பலகையே முடிவு சொன்னது. ஒரு தேர்வு முடிந்தால் பெரிய பள்ளி. அங்கே வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள், கழிப்பறைக்குக் கூட்டிப்போகக்கூட ஆள் கிடையாது. தேர்வு வைக்க ஒரு அதிகாரி வந்தார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. பாப்பா தனியா பண்ணட்டும்."

அம்மாவின் கை தானாகக் கழன்றது. அடியில் இருந்தது ஆறு வயதுக் கை. மற்றதெல்லாம் ஒன்பதை நெருங்கியிருக்க, அந்தக் கை மட்டும் நகம்கூட வளராமல் வெளுத்துக் கிடந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். "கொஞ்சம் சின்னதா இருக்கு. பரவாயில்ல, தொட முடிஞ்சா சரி."

கணக்கு வந்தது. அம்மாவுக்கு விடை தெரிந்தது. சின்னக் கை எண்களைத் தாண்டி ஊர்ந்துபோய் மூலையிலிருந்த சிவப்பைத் தொட்டது. திரை அணைந்தது.

"கை தவறிடுச்சு போல. மறுபடி போடலாம்" என்றார் அதிகாரி.

ஆசிரியை அம்மாவையே பார்த்தாள். "அக்கா, சொல்லிடுங்க."

"தவறலை சார்" என்றாள் அம்மா. "மத்த விடையெல்லாம் என்னோடது. அவளோடது இது ஒண்ணுதான். முதல் நாளும் இதைத்தான் தொட்டா. அது தெரியக் கூடாதுன்னுதான் மேல கை வெச்சேன்."