சீவிய உரித்து

உள்ளே போய்க் கதிரையில் அமர்ந்து ஐந்து நிமிடமும் ஆகியிருக்காது. சட்டத்தரணி தயாளினி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள் கொஞ்சம் வெளியில இருக்கிறீங்களோ? நான் ஐயாவோட தனியக் கதைக்கவேணும்" என்றார்.

பிரேமிளாவுக்கு முகம் சூடேறியது. "மாமாவுக்கு வலப்பக்கக் காது கேளாது, மிஸ். இந்தப் பக்கமா இருந்து கதையுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வெளி விறாந்தையில் ஒரு நீள வாங்கு. புதுக்குடியிருப்புச் சந்தையின் இரைச்சல் அங்குவரை கேட்டது. ஓட்டோவோடு வந்திருந்த பக்கத்து வீட்டு நிஷாந்தன் தேநீர் குடிக்கப் போயிருந்தான். அவள் வாங்கின் நுனியில் இருந்துகொண்டு மூடிய கதவைப் பார்த்தாள். தன்னை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை. உன்னை ஆராவது வெருட்டிக் கூட்டிக்கொண்டு வந்ததோ என்று கிழவனிடம் கேட்பதற்குத்தான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனாலும் கையில் களவுச் சாமானோடு பிடிபட்டவள்போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

செல்வநாயகம் அவளுடைய மாமனார். முப்பது வருடம் அரசாங்க பஸ் ஓட்டியவர், இப்போது எழுபத்தொன்பது வயது. அவருடைய மகன் சதீசைத்தான் பிரேமிளா கட்டினாள். கட்டி மூன்றாம் வருடம் புளியங்குளத்தடியில் லொறி ஒன்றோடு மோட்டார்சைக்கிள் அடிபட்டு அவன் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. கொக்கிளாயில் இருந்து அவளுடைய தாய் வந்து, "இனி இஞ்ச ஆருக்காக இருக்கிறாய், எழும்பி வா" என்று கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்றாள், பிறகு வருடத்து ஆட்டைத்திவசம் முடியட்டும் என்றாள். அதற்குள் மாமி கமலாசனி படுக்கையில் விழுந்தார். அவரைச் சுடலைக்கு அனுப்பிவைத்து நான்கு வருடத்தில் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தன. தூக்கி இருத்துவது, குளிக்க வார்ப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் அவள்தான். அந்த வீட்டை விட்டு ஒரு பகல் முழுக்க வெளியே நின்று இரண்டு வருடமாகிவிட்டது.

போன வருடம் முதியோர் கொடுப்பனவு விஷயமாகக் கிராம சேவகரிடம் போனபோது அவர் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். "மருமகளுக்குச் சட்டத்தில ஒண்டும் வராது, பிள்ளை. அவர் தன்ர சீவியத்தில எழுதித் தந்தால்தான் உண்டு."

அன்றிலிருந்து பிடித்தது அந்தப் பயம். உடையார்கட்டில் இருக்கும் அந்த அரை ஏக்கரும் கல்வீடும் மாமாவின் பேரில் உறுதிப் பத்திரம் உள்ள காணி. அவருக்குப் பிறகு அது மகள் சிவதர்சினிக்குப் போகும். தர்சினி வவுனியாவில் ரீச்சர். கெட்டவள் இல்லை. ஆனால் தை மாதம் வந்து நின்றபோது, "அப்பாவை வவுனியாவில ஒரு இல்லத்தில விடுவம் அண்ணி. காணியை வித்தால் அந்தச் செலவுக்குக் காணும். நீங்களும் எவ்வளவு காலத்துக்கு?" என்றாள். அந்த 'எவ்வளவு காலத்துக்கு' பிரேமிளாவின் காதிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தொரு வயதில் எந்த வாசலில் போய் நிற்பது?

ஒருநாளும் அவள் மாமாவிடம் வாய் திறந்து கேட்டதில்லை. அவராகவேதான் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில், "என்னை ஒரு லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போ" என்றார். ஆனால் அதை ஊரில் யார் நம்புவார்கள்?

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது.

தயாளினி ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். ஐயாவின் பேரில் இருந்த வயல் துண்டு மகளுக்கு. வீடும் அரை ஏக்கரும் நன்கொடை உறுதிப் பத்திரமாகப் பிரேமிளாவுக்கு. ஆனால் ஐயா உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கிற சீவிய உரித்து அவருக்கே. அவரை அங்கிருந்து எழுப்பவோ, அவர் தலைக்கு மேலால் விற்கவோ எவருக்கும் ஏலாது.

"கடைசிவரைக்கும் பராமரிக்கவேணும் எண்டொரு நிபந்தனையும் போடலாம் எண்டனான். அதை ஐயா வேண்டாமாம்."

செல்வநாயகம் கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்: "கடதாசியில எழுதினால், பிறகு அவள் கடதாசிக்காகப் பார்த்த மாதிரியெல்லோ போயிடும்."

பிரேமிளா குனிந்துகொண்டு சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"முல்லைத்தீவுக் காணிப் பதிவகத்தில பழைய உறுதியைத் தேடிப் பார்க்கவேணும். அடுத்த வியாழன் வாங்கோ" என்றார் தயாளினி. "அண்டைக்கு ஐயா தெளிவா இருக்கவேணும். தான் என்ன செய்யிறன் எண்டு விளங்கித்தான் கைநாட்டு வைக்கவேணும். இல்லாட்டி நான் எழுதமாட்டன்."

ஏழு நாள். வாழ்க்கையில் எத்தனையோ கிழமைகள் வந்து போயிருக்கின்றன, இப்படியொரு கிழமையை அவள் கண்டதில்லை. அவர் இருமினால் ஓடிவந்தாள். அவர் கண்ணயர்ந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தாள். வியாழனுக்கு முன் இன்னொரு முறை வாதம் அடித்துவிட்டால்? அப்படி நினைத்த மறுகணமே தன்மீது அருவருப்பு வந்தது. மாமா போய்விடுவாரே என்று பயப்படுகிறேனா, வீடு போய்விடுமே என்று பயப்படுகிறேனா? கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் குசினிக்குள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

திங்கள் விடிய அது நடந்தது. தேநீரோடு போனவளைச் செல்வநாயகம் உற்றுப் பார்த்தார்.

"கமலா, என்ர காக்கிச் சட்டை எங்க? ஆறரை முல்லைத்தீவு பஸ் நான் எடுக்கவேணும்."

"மாமா, நான் பிரேமிளா."

"ஆர் நீ? கமலாவைக் கூப்பிடு."

நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தார். அவள் தோளில் கைவைத்து இருத்தியபோது அவளைத் தள்ளினார். தேநீர் கொட்டியது. உடம்பு இலேசாகக் கணகணத்தது. அன்று முழுக்க அப்படியே மாறாட்டம். செவ்வாய் மத்தியானம்தான் "பிள்ளை, தண்ணி தா" என்றார். புதன்கிழமை பேப்பரின் தலைப்புகளைக் கூட வாசித்தார்.

வியாழன் காலை ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்த நிஷாந்தனுக்கு அவள் திங்கட்கிழமைக் கதையைச் சொன்னாள். அவன் சாட்சிகளில் ஒருவன். மற்றவர் மாமாவோடு டிப்போவில் வேலை செய்த மயில்வாகனம்.

"அக்கா, இண்டைக்கு ஐயா நல்லாத்தானே இருக்கிறார். கொண்டுபோய்க் கைநாட்டை வைப்பிச்சிட்டு வருவம். அதை ஆர் கேட்கப்போயினம்?"

அவள் மாமாவைத் தாங்கி ஓட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு போனாள். ஆரும் கேட்கப்போவதில்லை. இன்றைக்கு நல்லாத்தானே இருக்கிறார்.

தயாளினி இந்த முறை கதவைத் திறந்தே வைத்திருந்தார். என்ன கிழமை, எத்தனை பிள்ளைகள், எந்தக் காணி, ஏன் மருமகளுக்கு என்று கேட்டார். செல்வநாயகம் எல்லாவற்றுக்கும் பிசகில்லாமல் பதில் சொன்னார். மைப்பெட்டி மேசைக்கு வந்தது. மயில்வாகனம் சட்டைப்பையில் பேனையைத் தேடினார். வெளி வாங்கில் இருந்த பிரேமிளா எழுந்து வாசற்படிக்கு வந்தாள்.

"மிஸ்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"திங்கட்கிழமை மாமா என்னை ஆளறியேல்லை. மாமி எண்டு நினைச்சவர். பஸ் எடுக்கவேணும் எண்டு எழும்பப் பார்த்தவர். செவ்வாய் மத்தியானம் வரைக்கும் அப்பிடித்தான் இருந்தவர்."

நிஷாந்தன் கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தான். தயாளினி எழுதிவைத்த தாள்களை மெல்ல அடுக்கினார்.

"காய்ச்சல் இருந்ததோ?"

"லேசாக் கணகணத்தது."

"அப்ப இண்டைக்கு வேண்டாம். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. டொக்டரின்ர கடிதத்தோட வாங்கோ, நான் இஞ்சதான் இருப்பன்."

செல்வநாயகம் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. வெட்கப்பட்டவர்போல இருந்தார். "நான் உன்னை ஆரெண்டு கேட்டனானே?" என்றார். அவள் தலையாட்டினாள். அங்கிருந்தே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கையில் வந்ததைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டேனோ என்று அவள் நினைத்துக்கொண்டே போனாள்.

மூத்திரத்தில் கிருமி. வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்துவிட்டார்கள். "வயது போன ஆக்களுக்கு இது ஏறினால் இப்பிடித்தான் மாறாட்டம் வரும். விட்டிருந்தால் ரத்தத்தில கலந்திருக்கும்" என்றார் டொக்டர்.

மறுநாள் வவுனியாவிலிருந்து தர்சினி வந்தாள். தகப்பனைப் பார்த்துவிட்டு வாட்டுக்கு வெளியே வந்தவளிடம் பிரேமிளா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"மாமா வீட்டை என்ர பேரில எழுதப் பார்த்தவர். நீங்கள் வேற ஆக்கள் சொல்லி இதைக் கேட்கக்கூடாது."

தர்சினி வாட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"பயம்."

"என்னிலயோ?"

தர்சினி தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இல்லத்தில விடுவம் எண்டு சொன்னது உங்களைத் துரத்த இல்லை, அண்ணி. ஒருநாளைக்கு நீங்கள் ஏலாதெண்டு போயிட்டால் நான் என்ன செய்யிறது? ரெண்டு பிள்ளையளோட, பள்ளிக்கூடமும். அந்தப் பயத்தில சொன்னனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணா இருந்திருந்தால் அந்த வீடு அவனுக்குத்தான். விளங்குது. எண்டாலும் மனம் ஒரு மாதிரித்தான் இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் அவள் சமாதானம் சொல்லவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் துண்டு வெட்டி, மாமாவைக் கொண்டுவரும்வரை பிரேமிளாவோடு மாறி மாறி வாட்டில் நின்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு டொக்டரின் கடிதத்தோடு திரும்பவும் போனார்கள். இந்த முறை தயாளினி மருமகளையும் மகளையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டார். இருவரும் ஒரே வாங்கில் ஆளுக்கொரு நுனியில் இருந்தார்கள். உள்ளே உறுதி வாசிக்கப்படும் சத்தம் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. பெருவிரலில் மையோடு செல்வநாயகத்தை நிஷாந்தன் சக்கரக் கதிரையில் வெளியே கொண்டுவந்தபோது தர்சினிதான் முதலில் எழுந்து கைலேஞ்சியை எடுத்து அந்த மையைத் துடைத்தாள்.

உறுதி பதிவாகி வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. அவர் இருமினால் பிரேமிளா இன்னமும் ஓடித்தான் போகிறாள். ஆனால் இப்போது ஓடும்போது எதற்காக ஓடுகிறேன் என்று அவள் தன்னைக் கேட்பதில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்குத் தர்சினி பிள்ளைகளோடு உடையார்கட்டுக்கு வந்தாள். "ஒரு கிழமை நான் நிக்கிறன். நீங்கள் அம்மாவைப் பார்த்திட்டு வாங்கோ" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

கொக்கிளாய் பஸ் முல்லைத்தீவில் நின்றபோது பிரேமிளாவின் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணி, அப்பா மாத்திரையை வாயில வைச்சிட்டுத் துப்புறார். நீங்கள் என்னெண்டு குடுக்கிறனீங்கள்?"

"கோபமா இருக்கிறாரோ?"

"உங்களைக் கேட்கிறார்."

பிரேமிளா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முதல்ல இடப்பக்கமா இருங்கோ, தர்சினி. மாத்திரையைப் பொடியாக்கி வாழைப்பழத்துக்குள்ள வையுங்கோ. குடுக்கேக்கை அந்தக் காலத்து பஸ் கதை ஏதாவது கேளுங்கோ, கதையோட விழுங்கிடுவார்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். பஸ் புறப்பட்டுவிட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தப் பக்கத்துச் சத்தங்களையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விழுங்கிட்டார்" என்றாள் தர்சினி, கடைசியில்.