மூக்குத்திட்டுக்கு இரண்டு ஸ்டாப்

கார்த்திகைப் புயலில் மூக்குத்திட்டு கரையைவிட்டுக் கழன்று, கடலுக்குள் இரண்டு கல் தூரம் போய் நின்றது. மறுநாள் காலை ஆறு பத்து பஸ் வழக்கம்போல அங்கே போய்த் திரும்பியது. பெர்மிட்டில் தவளக்குப்பம் முதல் மூக்குத்திட்டு வரை என்று இருந்ததே தவிர, நடுவில் கடல் வந்தால் நிறுத்தவேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே கரையின் கடைசி ஊரான பனித்திட்டைத் தாண்டியதும் டிரைவர் மணவாளன் அலைமேல் ஏற்றி ஓட்டினார். டயர் நனைந்தது, அவ்வளவுதான். முதல் வாரம் ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஏறினார்கள். இரண்டாம் வாரம், ஜன்னலோரத்தில் உப்புத் தண்ணீர் அடிக்கிறது என்று கண்டக்டர் பாக்யராஜோடு சண்டை போட்டார்கள்.

திட்டில் ஒன்பது வீடுகள். எட்டு வீட்டார் பூட்டிவிட்டுத் தவளக்குப்பத்தில் வாடகைக்குப் போனார்கள். மரிய சுகந்தி மட்டும் போகவில்லை. கணவர் இறந்தபின் தனியாளாகக் கல் சுமந்து கட்டிய வீடு அது. வீடு இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது, கரைதான் தள்ளிப்போய்விட்டது என்பது அவள் கட்சி. மார்கழி பிறந்ததும் சர்வேயர் சிவப்பிரகாசம் சங்கிலியோடு அதே பஸ்ஸில் வந்து அளந்தார். அறுபத்திரண்டு குழி. நூறு குழிக்குக் குறைந்தால் அது ஊர் இல்லை, மேடு. மேட்டுக்குப் பட்டாவும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. பத்து நாளில் மறுபடி அளப்பேன், அதற்குள் சாமான்களை ஏற்றிவிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆத்திரத்தில் சுகந்தி அன்று தன் மனையின் கடலோரமாகப் போவதும் வருவதுமாக நடந்து தீர்த்தாள். விடிந்து பார்த்தால், அவள் கால் பட்ட பக்கம் கடல் ஒரு அடி பின்வாங்கியிருந்தது. ஆள் நடக்காத எட்டு மனைகளின் பக்கம் அரையடி ஏறியிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஒற்றை ஆள் எவ்வளவுதான் நடப்பாள்? பத்து நாளில் முட்டி வீங்கியது, நிலம் எழுபத்தொன்றில் நின்றது.

அளவெடுக்கும் நாள் காலை, பனி மூடிய கடல்மேல் வந்த ஆறு பத்தில் ஏறித் தவளக்குப்பம் போனாள். கெஞ்சினால் எவரும் வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எட்டு வீட்டாரும் டீக்கடையில் நின்றபோது, அவர்கள் காதில் விழும்படி பாக்யராஜிடம் சொன்னாள்: "நடக்கறவங்களுக்குத்தான் நெலமாம்பா. சவரிநாதன் அண்ணா மனையில இன்னிக்கு நான் நடக்கப்போறேன். எம்பேர்ல அளந்துடுவாங்க."

சவரிநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். "சுகந்தி, இன்னா கத வுடற? எம்மனையில நீ எதுக்கு நடக்கணும்?"

"பூட்டிப்போட்ட வூடுதான, அண்ணா."

"இரு, நானே வரேன்."

"வாங்க. செருப்போட நடந்தா செல்லாதாம்."

எட்டு வீடும் அடுத்த பஸ்ஸில் ஏறியது. சவரிநாதன் தன் மனையின் ஓரமாக நடந்தார். பக்கத்து மனை பலராமன், தன்னுடையது அதைவிட ஒரு முழமாவது கூட இருக்கவேண்டும் என்று தண்ணீருக்குள் கால் வைத்தார்; வைத்த இடத்தில் மணல் வந்தது. விடிகிறவரை காத்திருக்க அன்று மணலுக்கும் பொறுமையில்லை. பலராமன் மனைவி கஸ்தூரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு கடலில் இறங்கி, சவரிநாதனை முறைத்தபடியே நடந்து, நனையாத தரையில் நின்றாள்.

மூன்று மணி பஸ்ஸில் வந்த சிவப்பிரகாசம் ஒரு பக்கத்தை அளந்து முடிப்பதற்குள் மறுபக்கம் வளர்ந்தது. நூற்றுநாற்பதில் சங்கிலியைச் சுருட்டினார். "போதும்மா. எல்லாரையும் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க."

"உக்கார மாட்டாங்க சார்," என்றாள் சுகந்தி. "ஒருத்தர ஒருத்தர் நம்பறதில்ல."

அவர் ஊர் என்றே எழுதிக்கொண்டு போனார். பொங்கலுக்குள் எட்டு வீட்டாரும் திரும்பிக் குடிவந்தார்கள். மனையைக் காலியாக விட எவருக்கும் மனம் வரவில்லை. எல்லைத் தகராறு இன்றுவரை ஓயவில்லை. அது ஓய்ந்துவிடாதபடி சுகந்தி பார்த்துக்கொள்கிறாள். திட்டு நீண்டுவிட்டதால் பஸ்ஸுக்கு அங்கே இப்போது இரண்டு ஸ்டாப். சக்கரம் மணலைத் தொட்டதும் பாக்யராஜ் மேற்கு ஸ்டாப்பை அறிவிக்கிறார். கிழக்கு ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். அது தினமும் தள்ளிப்போகிறது.