பாத்தியின் நடுவில்

தையல்காரர் நான்காவது கன்றையும் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தார். வேர் பழுப்பாகவே இருந்தது. வெள்ளை என்று சொல்ல ஓர் இழைகூட இல்லை.

“விடுங்கண்ணே, பாத்தியையே காலி பண்ணிடுவீங்க போல,” என்றாள் நாற்றுப்பண்ணையில் தண்ணீர் விடும் பெண். “நாலு மாசமா நானும் பாக்கறேன். பூஞ்சை ஏறல.” அவள் குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.

அவருடைய அக்கா இங்கே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். தீப்பிடித்து மொட்டையான மலைச்சரிவுக்காக அவள் கடைசியாக நட்டவை இந்தப் பைன் கன்றுகள். காட்டு மண்ணில் ஒரு வெள்ளைப் பூஞ்சை உண்டு, அது வேர் நுனியைச் சுற்றிக்கொண்டால்தான் அந்தச் சரிவில் கன்று பிழைக்கும் என்பாள். “மரம் அதுக்குச் சர்க்கரை குடுக்கும், அது மரத்துக்குத் தண்ணி தேடிக் கொண்டாரும். கல்யாணம் மாதிரிதான்டா. சண்டை மட்டும் கிடையாது.” காட்டு மண்ணைக் கூடையில் கொண்டுவந்து பாத்தியில் கலந்துவிட்டு, அதோடு படுக்கையில் விழுந்தாள். இன்று காலை டாக்டர் மருந்துச்சீட்டு எழுதாமலே கிளம்பிவிட்டார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. “ஒரு கன்னு பிடுங்கிட்டு வாடா. வெள்ளை ஏறிடுச்சான்னு பாத்துடறேன்.”

இந்தப் பழுப்பு வேரோடு எப்படி அவள் முகத்தில் விழிப்பது? வேலிக்கு அப்பால் பழைய பைன் மரத்தடியில் தானாக முளைத்த கன்று ஒன்று நின்றது. தோண்டினார். வேர் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கவை விட்டிருந்தது. ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வேரை மேலிருந்து கீழே விரலால் தடவினாள். அடியில் விரல் சற்று நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் பாத்தி?”

“மூணாவது.”

“நல்லா ஏறியிருக்குடா.” அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “வேர் காயறதுக்குள்ள கொண்டுபோய்ப் பாத்தியிலயே வெச்சிடு. ஓரத்துல வேணாம், நட்டநடுவுல.”

“அப்புறம் போறேன்க்கா. உன்கூட இருக்கேன்.”

“நான் எங்க ஓடிப்போறேன்? போடா.”

போனார். நட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர் விடும் பெண் வந்து குனிந்து பார்த்தாள்.

“இது எங்க பிடுங்கினது?”

“இந்தப் பாத்திலதான்.”

“யாருகிட்ட கதை விடறீங்க? நடும்போதே எல்லாக் கன்னுக்கும் அடிவேர் நுனியை நறுக்கியாச்சு. அக்காதான் உக்காந்து ஒண்ணொண்ணா நறுக்கினாங்க. இதுக்கு வேர் முழுசா இருக்கு பாருங்க.”

முப்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்த மனிதருக்கு, பிடுங்கிய நாலு கன்றிலும் கத்தரி பட்ட இடம் கண்ணில் படவில்லை. தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

“அப்போ அக்காவுக்கு…”

“தொட்டதுமே தெரிஞ்சிருக்கும். ஆனா நடுவுல வெக்கச் சொன்னாங்க பாருங்க, அதுதான் அக்கா. வேரோட வேர் தொட்டா, இதுலேருந்து பூஞ்சை மத்ததுக்கெல்லாம் ஏறும்.”

தையல்காரர் பாதி ஓட்டமாக வீடு திரும்பினார். உண்மையைச் சொல்லி அவளிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். “பத்து நிமிஷம் இருக்கும்,” என்றாள். “தூங்கற மாதிரிதான் போனாங்க.”

அவர் கட்டிலருகே போய் நின்றார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். அழுகைதான் வந்தது.

“அண்ணி ஒண்ணு சொன்னாங்க,” என்றாள் மனைவி. “‘காலையிலேருந்து அவன் சாப்பிடல. ஒரு பொய்யைச் சொல்லிட்டுத் தவிச்சுக்கிட்டு வருவான். ஒண்ணும் கேக்காத, முதல்ல சாப்பாடு போடு’ன்னாங்க. என்னங்க பொய்?”

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சோற்றைத் தானே தட்டில் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.