ரீஸ்டார்ட் நின்றது

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பத்து நாள் நான் அதில்தான் குறை தேடிக்கொண்டிருந்தேன்.

என் அக்கா மகள் வாங்கியது அது. பத்தொன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் வெட்டிப் பொழுது என்று நினைக்கிறவன் நான். அவளுக்கு அது அப்படியில்லை. பெரிய அணி ஒன்று ஆள் எடுக்கிறது, வரப்போகும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வு ஆட்டம், நடுவில் ஒரு தடவை தொடர்பு அறுந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு வகுப்பே எடுத்தாள். மூன்று வருடம் பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டியவள். புதிய பெட்டிக்கான பாகங்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன், நான்தான் பூட்டினேன். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே மூன்று விசிறி, செங்கல் கனத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். இவ்வளவு அழகாக ஒன்றை என் கையால் பூட்டியதில்லை.

மூன்றாம் நாள் போன் செய்தாள். ஆட்டத்தின் நடுவே தானாக அணைந்து தானாக எழுகிறதாம். எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. பட்டென்று இருட்டு, அப்புறம் முதலிலிருந்து. சும்மா பாட்டு கேட்டால் ஒன்றும் ஆவதில்லை. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் காலை வாருகிறது.

கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு நாள் என் மேஜையில் வைத்து, ஓய்வு கொடுக்காமல் முழு வேகத்தில் ஓட்டினேன். பரம சாதுவாக ஓடியது. சூட்டை அளந்தேன், மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். எல்லாம் சுத்தம். திருப்பி அனுப்பினேன். அன்று சாயங்காலமே மறுபடி ரீஸ்டார்ட். பவர் சப்ளையை மாற்றி இன்னும் பெரியதாக வைத்தேன். கடையில் ஒரு நாள் முழுக்க ஓடியது. வீட்டில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் தொழிலில் நான் மூக்குடைபட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் மேல்தான் பாய்வேன், அது என் குணம். கண்டதையும் டவுன்லோட் செய்கிறாய் என்று திட்டினேன். அவள் அழாத குறையாக, எதையும் தொடவில்லை என்றாள்.

"என் மேஜையில ஓடுது, உன் மேஜையில ஓடலைன்னா உன் ரூம்லதான் ஏதோ இருக்கு," என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவள் ரூமில் இருப்பது அத்தான் போட்ட வயரிங்.

இங்கே அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா கணவர் எலக்ட்ரீஷியன். ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்தவர், கெட்டிக்காரர், கோபக்காரர். சொந்த வீட்டுக்கு ஒரு வயரைக்கூட வேறு ஆளைத் தொடவிட்டதில்லை. வீடு கட்டி முடித்த புதிதில் ஒருநாள் சமையலறையில் மிக்ஸி ஓடியபோது கூடத்து விளக்கு மினுங்கியது. சும்மா இருக்காமல், அத்தான் வீட்டில் விளக்குக்கூட டான்ஸ் ஆடுகிறது என்று உறவினர் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் ஒன்றரை வருடம் என்னிடம் பேசவில்லை. அக்கா இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லியே களைத்துப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சுவிட்சைத் தட்டுவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன். மாடியில் வாண்டுவின் அறை, வீடு கட்டிச் சில வருடங்கள் கழித்துச் சேர்த்தது. கதவை ஒட்டி ஒரு மரப் பீரோ, அதைத் தாண்டிச் சுவரில் பிளக் போர்டு, அதன் கீழே மேஜை. ஆட்டத்தை ஓட்டச் சொல்லிவிட்டு, பிளக் போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் லேசாகச் சுட்டது. கையைப் பீரோ பக்கமாக நகர்த்தினேன். சுவர் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.

"என்ன மாப்ளே, சுவத்துல என்ன தேடுற?"

வாசலில் அத்தான். கையில் காபி டம்ளர். முகத்தில் சிரிப்பில்லை.

"ஒண்ணுமில்ல அத்தான். பிளக் லூசான்னு பார்த்தேன்."

"நான் போட்ட பிளக் லூசாகாது."

ஆமாம் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கிப் போனார்.

இங்கே நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. கடைக்குத் திரும்பி ஒரு பெரிய யூ.பி.எஸ். எடுத்துவைத்தேன். மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் தன் பேட்டரியிலிருந்து ஊட்டி, கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே சமாளித்துவிடும் பெட்டி. சுவரோடும் அத்தானோடும் மோதாமல் வேலையை முடிக்க அதுதான் வழி என்று தோன்றியது. சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும், அப்புறம் அக்கா மூலமாகப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய் மாட்டினேன். இன்டர்நெட் அறுந்தால் அதுவும் வம்பு என்று ரவுட்டரையும் அதிலேயே செருகினேன். ஒவ்வொரு முறை பேட்டரிக்கு மாறும்போதும் பெட்டி பீப் என்று கத்தியது. மைக்கில் கேட்கிறது, மற்றவர்கள் கேலி செய்கிறார்கள் என்றாள் வாண்டு. அந்தச் சத்தத்தையும் அணைத்துக் கொடுத்தேன்.

ரீஸ்டார்ட் நின்றது. அவள் துள்ளினாள். அத்தான்கூட, பரவாயில்லையே உன் தம்பி என்று அக்காவிடம் சொன்னாராம். எனக்குப் பெருமையாகவே இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

வியாழக்கிழமை அக்கா வேறு ஏதோ பேச அழைத்தவள், வாண்டு அறையில் எலி செத்த மாதிரி ஒரு நாற்றம் என்றாள். கட்டிலுக்குக் கீழே, மேஜைக்குப் பின்னால் எல்லாம் தேடியாயிற்றாம். பீரோவை நகர்த்த ஆள் வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, ரூம் ஸ்பிரே அடித்து வைத்திருந்தாள். உன் மகள் துணி துவைப்பதில்லை, அதுதான் நாற்றம் என்று சொல்லிச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு வாண்டுவிடமிருந்து ஒரு படம் வந்தது. யூ.பி.எஸ். திரையைப் படம் எடுத்திருந்தாள். எந்த நாள் எத்தனை முறை பேட்டரிக்கு மாறியது என்று அது கணக்கு வைத்திருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "பாருங்க மாமா, உங்க பெட்டி என்ன உழைப்பு உழைக்குது! போனை ஆஃப் பண்றேன். விஷ் பண்ணுங்க."

திங்கள் நான்கு. செவ்வாய் ஒன்பது. புதன் இருபத்துமூன்று. வியாழன் அறுபத்தொன்று. வெள்ளி நூற்று நாற்பது. சனிக்கிழமை அந்த நேரம்வரை மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு.

சுவருக்குள் இருந்த ஏதோ ஒரு இணைப்பு வெறுமனே தளர்ந்திருந்தால் எண்ணிக்கை இப்படி ஏறாது. தளர்ந்த இடத்தில் பொறி பறந்து, கருகி, கருகியதால் இன்னும் அதிகமாகப் பொறி பறந்தால்தான் இப்படி ஏறும். அப்போதுதான் அந்த நாற்றமும் நினைவுக்கு வந்தது. முன்பு ஒருமுறை என் கடையில் ஒரு பிளக் உள்ளுக்குள்ளேயே கருகியது. தீப்பிடிக்கும் முன் மூன்று நாள், கடை முழுக்க அழுகிய மீன் நாற்றம் அடித்தது. நானே மேஜையை எல்லாம் இழுத்துப்போட்டு எலி தேடியிருக்கிறேன்.

அவள் போன் அணைந்திருந்தது. அக்கா வேலைக்குப் போயிருந்தாள், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அத்தானை அழைத்தேன். இன்னொரு கையால் பைக் சாவியைத் தேடினேன்.

"அத்தான், வாண்டு ரூம்ல சுவத்துக்குள்ள வயர் எரிஞ்சுட்டு இருக்கு. உடனே வீட்டுக்குப் போங்க."

வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்லத்தான் கேட்டார்.

"பீரோ பின்னாடியா?"

நான் பீரோ என்ற வார்த்தையே சொல்லவில்லை.

போக்குவரத்தைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அத்தான் எனக்கு இரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தார். வாசலில் மெயின் பெட்டி திறந்து கிடந்தது. எலக்ட்ரீஷியன்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எங்கே எரிகிறது என்றாலும் முதலில் மெயினை இறக்குவார்கள், மற்றதெல்லாம் பிறகுதான். வண்டியிலிருந்து தீயணைப்பு சிலிண்டரை இறக்கிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே ஒரு இழை புகைகூடத் தெரியவில்லை.

"மெயினை இறக்கிட்டேன் மாப்ளே. கம்ப்யூட்டர் நின்னிருக்கும். இப்ப கத்திக்கிட்டே வருவா பாரு," என்றார்.

ரீஸ்டார்ட் ஆன நாட்களில் அவள் அப்படித்தான் வந்தாள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் கதவைப் படாரென்று திறந்துகொண்டு, வீட்டையே இரண்டாக்கிக்கொண்டு படியிறங்குவாள்.

"வரமாட்டா அத்தான். நான் யூ.பி.எஸ். வச்சிருக்கேன். அவளுக்குக் கரண்ட் போனதே தெரியாது."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இருவரும் படியேறினோம்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடியில் புகை கசிந்தது. கதவைத் தட்டினோம், உதைத்தோம். அவள் காதில் பெரிய ஹெட்போன். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி நின்றதைக் கவனித்தாளாம். கரண்ட் போயிருக்கிறது, மாமாவின் பெட்டி காப்பாற்றுகிறது என்று சந்தோஷப்பட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாளாம். கண் எரிந்த பிறகுதான் திரும்பினாள். அதற்குள் பீரோவின் முதுகு முழுக்கப் பற்றி, பக்கப் பலகையைத் தின்றுகொண்டு கதவுத் தாழ்ப்பாள்வரை தீ வந்திருந்தது.

கதவை நாங்கள் உடைக்கவில்லை. அவள்தான் திறந்தாள். தீக்குள் கையை விட்டு, கொதிக்கும் இரும்புத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்துத் திறந்தாள். வலது கை.

அத்தான் தீயை அணைத்தார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். புகைக்கு நடுவே கம்ப்யூட்டர் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது, மூன்று விசிறியும் சுழன்றன. திரையில், ஆட்டத்தில் அவள் இயக்கிய ஆள் அசையாமல் நின்றான்.

உயிருக்கு ஆபத்தில்லை. உள்ளங்கைத் தோலை மாற்றினார்கள். விரல்கள் பழையபடி மடங்குமா என்று கேட்டால் மருத்துவர் காலண்டரைப் பார்க்கிறார். மவுஸ் பிடிக்கும் கை அது என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரையும் யூ.பி.எஸ்.ஸையும் கடைக்குக் கொண்டுவந்து கரியைத் துடைத்தேன். கம்ப்யூட்டர் என் மேஜையில் ஒரு மாதமாக ஓடுகிறது. ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை.

நேற்று அத்தான் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். பீரோவுக்குப் பின்னால் இருந்த இணைப்பு அது. ஒரு விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் போதும் என்று மெல்லிய வயரை முறுக்கி டேப் சுற்றியது, இப்போது கரிக்கட்டை.

"இப்போதைக்குன்னு போட்டேன். அப்புறம் பீரோ வந்துடுச்சு," என்றார். பொட்டலத்தை மறுபடி மடித்துக்கொண்டே, "நீ அன்னைக்கு சுவத்துல கை வச்சப்பவே எனக்குத் தெரியும்," என்றார்.

"எனக்கும் தெரியும் அத்தான்."

ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தபோதுகூட எங்களுக்குள் இவ்வளவு வெட்கம் இருந்ததில்லை.

வாண்டுவும் கூட வந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கீழே குனிந்து யூ.பி.எஸ்.ஸைப் பார்த்தாள். எங்கள் இருவரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை அவள். சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"மாமா," என்றாள், "அந்தப் பீப் சத்தத்தை ஆன் பண்ணிக் குடுங்க."

ஆன் செய்தேன். அவள் இடது கையால் சுவரிலிருந்து அதன் பிளக்கை உருவினாள். பெட்டி கத்தத் தொடங்கியது. யாரும் பிளக்கைத் திரும்பச் செருகவில்லை. பேட்டரி தீர்ந்து அது ஓயும்வரை மூன்று பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.