அகராதி பிடித்தவர்

அந்தக் குடியிருப்பில் அவளுடைய அப்பாவுக்கு அகராதி என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்ததில் தப்பே இல்லை. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற மனிதர், வீடு கொள்ளாமல் பழைய இங்கிலீஷ் அகராதிகளாக வாங்கி அடுக்கியிருந்தார். ஆளும் அகராதி பிடித்தவர்தான். வெயில் அடிக்கிறது என்று யாராவது பேச்சுக்குச் சொன்னால், யாரை அடிக்கிறது என்று கேட்பார். பால் கொண்டுவருகிறவன் மணியை அழுத்திவிட்டு, கதவு திறப்பதற்குள் மாடிப்படியில் இறங்கி ஓடிவிடுவான்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இவரைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு மகள் தலையில் விழுந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் கீறல் விழாமல் உட்காரவைக்க வேண்டும். நாளெல்லாம் நின்று கால் கடுத்து வீட்டுக்கு வந்தால், எழுந்து விளக்கைக்கூடப் போடாத மகானுபாவர் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பார்.

வந்த வரன்களெல்லாம் அகராதியில் அடிபட்டே போயின. ஒருத்தன் தனக்குக் குழந்தைகள்மேல் ரொம்பப் பிரியம் என்பதை இங்கிலீஷில் 'ஃபாண்ட்' என்று சொல்லித் தொலைத்தான். அந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் கிறுக்கன் என்று பொருளாம். கிறுக்கனுக்கா என் பெண்ணைக் கொடுப்பேன் என்று அப்பா அன்றைக்கே கையை விரித்துவிட்டார். தன்மேல் எவ்வளவு அக்கறை என்று அவளும் நம்பினாள். முப்பது வயது தாண்டி, காதோரம் நரைக்கத் தொடங்கிய பிறகும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த முறை வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். கண்ணாடி உடைந்து கடைக்கு வந்தவர், உடையாத நாட்களிலும் வர ஆரம்பித்தார். அவளுக்கும் பிடித்துப்போயிற்று. அவர் தன் அக்காவை அழைத்துக்கொண்டு வந்து முறையாகப் பெண் கேட்டார். திரும்பிப் போனதும் சும்மா இருந்திருக்கலாம். படித்த மனிதருக்கு மரியாதையாக இருக்கட்டுமென்று அப்பாவின் செல்போனுக்கு இங்கிலீஷில் ஒரு வரி அனுப்பினார். உங்கள் மகள் வெரி நைஸ்.

போதாதா? அப்பா முகத்தில் அப்படியொரு களை வந்துவிட்டது. தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். நைஸ் என்றால் ஆதியில் முட்டாளாம். அப்புறம் ஒழுக்கம் கெட்டவள். அதற்கப்புறம் கூச்சப்படுகிறவள், எதையெடுத்தாலும் நொட்டை சொல்கிறவள், நுணுக்கம் பார்க்கிறவள் என்று இறங்கி இறங்கி, போனால் போகிறதென்று கடைசியில்தான் இனிமையானவள் என்று வருகிறதாம். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அப்பா வரவே மாட்டேன் என்றார். நாம் மாவை நைஸாக அரைக்கிறோம், வேலை வந்தால் நைஸாக நழுவுகிறோம், அதெல்லாம் எந்தக் காலத்துப் பொருள் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அது கொச்சை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டு, மெக்கானிக்கை விசாரணைக்குக் கூப்பிட்டார்.

பாவம், அந்த மனிதர் பாதியில் நின்ற ஒரு லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, கையில் கிரீஸ் கறையோடு நேரே வந்தார். எந்தப் பொருளில் என் மகளை நைஸ் என்றாய் என்று அப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கேட்டார். நைஸ் என்றால் நைஸ்தான் என்று அவர் விழித்தார். பொருள் தெரியாமல் சொல்லைப் பிடிக்கிறவன் பெண்ணின் கையைப் பிடிக்க வந்துவிட்டான் என்று அப்பா சிரித்தார். அடுப்படியில் நின்றிருந்தவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

மெக்கானிக் கோபப்படவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இங்கிலீஷ விட்டுடுவோம் சார். உங்க பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு. அவங்க பக்கத்துல இருந்தா மனசுக்கு நல்லா இருக்கு. இதுக்கும் பழைய அர்த்தம் ஏதாவது இருந்தா பாத்துச் சொல்லுங்க."

அப்பா பார்க்கத்தான் பார்த்தார். ஒரு புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறந்தார். தமிழில் சொன்னதற்கு அதில் என்ன கிடைக்கும்? அவள் கூடத்துக்கு வந்து, தனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது என்று நின்றபடியே சொன்னாள். அப்பாவின் விரல் தாளில் அப்படியே நின்றுவிட்டது.

"நீ போயிட்டா எனக்கு யாரு பொங்கிப் போடுவா?"

இத்தனை வருடப் பவிசும் இதற்குத்தானா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வந்த ஒவ்வொருவனுக்கும் முட்டாள், கிறுக்கன், அயோக்கியன் என்று பொருள் தேடியதெல்லாம் ஒரு தட்டு சோற்றுக்கு. இருந்தாலும் பெற்றவர் அல்லவா, நீ இல்லாமல் எப்படி இருப்பேன் என்று பின்னாலேயே இன்னொரு வார்த்தை வரும் என்று காத்து நின்றாள். அப்பா புத்தகத்தைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"உங்க அக்காவத் தேதி பாக்கச் சொல்லுங்க. ரொம்பத் தள்ளிப் போட வேண்டாம்."